கேட் பாஸ் வாங்கும் முன்: ஆய்வு மாணவர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பிஎச்.டி. செய்துகொண்டே ஒரு கம்பெனியில் சில மாதம் இன்டர்ன்ஷிப் போவது பற்றி. எழுதியவர்கள் பெரும்பாலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து ஆய்வு மாணவர்கள். கைடு கண்ணில் பட்டால் சங்கடம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கே: ஆய்வு நடுவில் கம்பெனிக்குப் போகலாமா, கூடாதா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
— வேதியியல் மாணவர், தூத்துக்குடி

ப: போகலாம்.

கே: எந்த வருஷத்தில் போவது நல்லது? நான் உப்பு பற்றி ஆய்வு செய்கிறேன்.
— ஆராய்ச்சி மாணவர், முத்தையாபுரம்

ப: கோர்ஸ் வொர்க் முடிந்து, "எதைத் தேடுகிறோம்" என்பது உங்களுக்கே தெளிவான பிறகு. தீசிஸ் எழுதத் தொடங்கும் முன். யுஜிசி 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. நடுவில் மூன்று மாதம் எடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால் கேள்வி இல்லாமல் போனால் மூன்று மாதமும் யாரோ கொடுக்கும் எக்செல் தாளை நிரப்பிவிட்டு வருவீர்கள்.

உங்களுக்கு இன்னொரு காலண்டரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்துக்குப் போனால் மழைத் தண்ணீரைத்தான் அளக்க முடியும். மாசி, பங்குனியில் போங்கள். பாத்தியில் தண்ணீரின் அடர்த்தி 25 போமே டிகிரியை நெருங்கும்போது உப்பு விழும். 29, 30 வரை விட்டுவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அந்த நாலைந்து டிகிரிக்குள்தான் உப்பளத்தின் லாப நஷ்டம் எல்லாம். பல வருஷம் உப்பளத்தில் நின்ற கங்காணி ஒருவர், ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் விடும் முன்பே, பாத்தி ஓரத்தில் படிந்த வெள்ளையைக் குனிந்து பார்த்து டிகிரியைச் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்தேன். மீட்டர் அரை டிகிரிதான் மாற்றிக் காட்டியது. அந்தக் கண் எப்படி வந்தது, அது எந்த வெயிலில் தவறும் என்று கேட்டு எழுதினாலே உங்கள் தீசிஸில் ஒரு அத்தியாயம் தேறும். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் கிடக்கின்றன. அதில் எவ்வளவு சும்மா வெளியே போகிறது என்று அளந்துவிட்டு வாருங்கள்.

கே: எனக்கு ஜேஆர்எஃப் வருகிறது. கம்பெனியிலும் ஸ்டைபண்ட் தருகிறேன் என்கிறார்கள். இரண்டையும் வாங்கலாமா?
— விலங்கியல் மாணவி, திருச்செந்தூர்

ப: எழுத்தில் அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000. முழுநேர ஆய்வாளருக்கு என்று தரும் பணம் அது. இன்னொரு இடத்தில் சம்பளம் வாங்கியது பின்னால் தெரிந்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வரலாம். கைடு, ஆய்வு ஆலோசனைக் குழு, பதிவாளர் அலுவலகம் மூன்று இடத்திலும் கடிதம் கொடுங்கள். "இது என் ஆய்வின் களப்பணி, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, கம்பெனி தருவது இவ்வளவு" என்று மூன்றே வரி போதும். ஸ்டைபண்ட் கூடாது என்று பதில் வந்தால், தங்குமிடமும் போக்குவரத்தும் மட்டும் கம்பெனி பார்த்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். அதையும் கடிதத்தில் சேருங்கள்.

பாதி அரசும் பாதி கம்பெனியும் போட்டு ஆய்வாளருக்கு உதவித்தொகை தரும் பிரதமர் முனைவர் ஆய்வுத் திட்டம் ஒன்று சிஐஐ கூட்டமைப்போடு சேர்ந்து தொடங்கப்பட்டது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. சேரும்போதே கம்பெனியோடு சேரும் வழி அது. உங்கள் தங்கை, தம்பி யாராவது ஆய்வுக்கு வருவதாக இருந்தால், அது இப்போதும் நடக்கிறதா என்று விசாரித்துச் சொல்லி வையுங்கள்.

கே: சார் விடமாட்டேன் என்கிறார். "போனவன் திரும்ப மாட்டான்" என்கிறார். என்ன செய்ய?
— இயற்பியல் மாணவர், திருநெல்வேலி

ப: அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். சம்பளம் கண்டபின் தீசிஸை மூட்டை கட்டிவிட்ட மாணவர்கள் எந்தத் துறையிலும் உண்டு. அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவருடைய பயத்துக்குப் பதிலோடு போங்கள். திரும்பும் தேதி எழுதிய கம்பெனிக் கடிதம், மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து காட்டும் அறிக்கை, வந்தபின் அவரோடு சேர்ந்து எழுதப்போகும் கட்டுரையின் தலைப்பு. இந்த மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் இரண்டு சொல்லலாம். பிரான்சில் 1981 முதல் 'சிஃப்ர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கம்பெனியே மாணவரை மூன்று வருஷம் வேலைக்கு வைக்கும், அரசு கம்பெனிக்கு உதவிப்பணம் தரும், ஆய்வகம் வழிகாட்டும். பிரிட்டனில் உயிரியல் துறைக்கு நிதி தரும் பிபிஎஸ்ஆர்சி தன் மாணவர்களை மூன்று மாதம் வெளியே அனுப்புகிறது, அதுவும் தீசிஸுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு. முதலாவது ஆய்வைத் தொழிலோடு கட்டுகிறது. இரண்டாவது மாணவரை ஆய்வுக்கு வெளியே உலகம் பார்க்க வைக்கிறது. இதில் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு சார் அறைக்குப் போங்கள்.

கே: முத்துச் சிப்பியில் ஆய்வு செய்கிறேன். முத்துக்குப் பெயர் போன ஊரில் நான் இன்டர்ன்ஷிப் போக ஒரு முத்துக் கம்பெனி இல்லையே!
— கடலுயிரியல் மாணவி, தூத்துக்குடி

ப: இந்த வாரக் கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1955 தொடங்கி அந்த வருஷம் வரை நடந்தது. பிறகு பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், சிப்பி அந்த அளவுக்குச் சேரவில்லை. கடல் தராததைக் கையால் செய்து பார்ப்போம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமியும் அவர் குழுவும் இறங்கினார்கள். 1973-இல் நம்ம வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து கிடைத்தது. 1981-இல் தூத்துக்குடியிலேயே முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். தமிழ்நாடு அரசின் மீன்வளர்ச்சிக் கழகமும் ஸ்பிக் நிறுவனமும் கைகோக்க, தமிழ்நாடு பேர்ல்ஸ் என்ற கம்பெனியும் பிறந்தது. ஆய்வகம், அரசு, தொழிற்சாலை மூன்றும் ஒரே வரிசையில் நின்ற அபூர்வமான நேரம். ஆனாலும் முத்து வளர்ப்பு இந்தக் கரையில் பெருந்தொழிலாக வேர் பிடிக்கவில்லை.

ஏன்? ஜப்பானில் அகோ விரிகுடா போன்ற ஒதுக்கமான, அலையடங்கிய இடத்தில் தெப்பம் கட்டி வளர்த்தார்கள். நம் கரை திறந்த கடல். காற்று மாறினால் தெப்பம் ஆடும், கயிறு அறும். கூண்டில் கொட்டலசு ஏறும், ஓட்டைத் துளைக்கும் புழுவும் பாசியும் ஏறும். நம் சிப்பி சிறியது, அதனால் முத்தும் சிறியது. மைக்ராஸ்கோப்பில் முத்து தெரிகிறது; கயிறு என்ன விலை, கூண்டை மாதம் எத்தனை தடவை சுரண்ட வேண்டும், அதற்கு எத்தனை ஆள் கூலி என்பது தெரிவதில்லை. என் கருத்தைக் கேட்டால், இங்கே குறைந்தது அறிவியல் அல்ல. ஆய்வகத்தில் இருந்தவர் தொழில் செய்பவரின் முற்றத்தில் ஆறு மாதம் நின்று பார்க்கும் வழக்கம்தான் குறைந்தது.

அதனால் 'முத்துக் கம்பெனி' என்ற பலகையைத் தேடாதீர்கள். உங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் இங்கே ஆள் இருக்கிறார்கள். சிப்பி லார்வா கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து மூன்று வாரத்துக்கு மேல் கழித்துத்தான் ஒட்டும். அதுவரை வடிகட்டிய கடல் தண்ணீரும் ஐசோகிரைசிஸ் பாசியும் நேரம் தவறாமல் வேண்டும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் பாசி வேறு, ஒழுங்கு அதேதான். அங்கே ஒரு தொட்டி கெட்டால் பணம் போகும் என்பதால், விடிகாலை மூன்று மணிக்கும் ஒருவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். அந்த மூன்று மணி உங்கள் லேபில் கிடையாது. போய் ஒரு சீசன் இருங்கள்.

சிப்பிக்குள் மணி வைக்கும் கைவேலையை மட்டும் ஆராய்ச்சி நிலையத்தில்தான் கற்க வேண்டும். மென்தால் தூவிய தண்ணீரில் சிப்பி மயங்கி லேசாக வாய் திறக்கும். ஆப்பு வைத்து நிறுத்தி, மெல்லிய கத்தியால் ஒரு கீறல். இன்னொரு சிப்பியின் மேன்டில் ஓரத்திலிருந்து வெட்டிய இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதைத்துண்டு உள்ளே போகும். அதைத் தொட்டபடி ஓட்டில் கடைந்த மணி உட்காரும். துண்டும் மணியும் ஒட்டியிருந்தால் முத்து, நகர்ந்தால் ஒன்றுமில்லை. மூச்சை விட்டால் கை ஆடும் என்று அந்த வேலை செய்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மூச்சடக்கி முத்தெடுத்த ஊர் இது.

கே: இன்டர்ன்ஷிப்பில் நான் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?
— பொறியியல் ஆய்வாளர், கோவில்பட்டி

ப: நீங்கள் முதல் நாள் கையெழுத்துப் போட்ட காகிதம் யாருக்கு என்கிறதோ அவருக்கு. எனவே படித்துவிட்டுப் போடுங்கள்.

நான் படிக்காமல் போட்டவன். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு தொழிற்சாலைக்கு மூன்று மாதம் போனேன். கடைசி நாள் வாசலில் பையைச் சோதித்தவர்கள் என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். "உள்ளே எழுதியது உள்ளேயே இருக்கணும் தம்பி, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் அதிகாரி. அவர் சொன்னது சரி. பதினோரு வார அளவீடுகள் போயின. அன்று இரவு பஸ்ஸில் ஞாபகத்திலிருந்து எழுத முயன்றேன், ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. நீங்கள் முதல் நாளே கேளுங்கள்: எந்த அளவீடு என் தீசிஸுக்கு, எது கம்பெனிக்கு, கட்டுரை அனுப்பும் முன் எத்தனை நாளில் நீங்கள் பார்த்துத் தருவீர்கள்? நாள் கணக்கில்லாத 'பார்த்துச் சொல்கிறோம்' வேண்டாம்.

முத்து உலகத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. டோக்கியோ பல்கலைக்கழக விலங்கியலாளர் டோகிச்சி நிஷிகாவா, முத்து வணிகர் மிகிமோட்டோவின் மருமகன். உருண்டை முத்து செய்யும் முறைக்கு 1907-இல் காப்புரிமை கேட்டார். 1909-இல் இறந்துபோனார். உரிமை வந்தபோது அவர் இல்லை. அதே முறைக்கு உரிமை கோரிய மிசே என்ற தச்சரும் இருந்தார், அதனால் தகராறு வந்தது. காப்புரிமை கேட்கும் எண்ணமிருந்தால் முதலில் தற்காலிக விண்ணப்பம், பிறகு கட்டுரை. நம் சட்டத்தில் தற்காலிக விண்ணப்பத்துக்குப்பின் முழு விண்ணப்பம் தர 12 மாதம் இருக்கிறது.

கே: தொழிற்சாலைக் கழிவுநீர் கடலில் என்ன செய்கிறது என்பது என் தலைப்பு. நான் மாதிரி எடுக்கும் கம்பெனியே இன்டர்ன்ஷிப் தருகிறது. போகவா?
— சுற்றுச்சூழல் ஆய்வாளர், தூத்துக்குடி

ப: வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள், நீங்கள் விலை போவீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாளை உங்கள் எண்ணை இந்த ஊர் நம்ப வேண்டும். தாமிர ஆலைப் போராட்டத்தில், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. தண்ணீர் பற்றி யார் எண் சொன்னாலும் 'சொல்வது யார்?' என்று கேட்கும் உரிமை இந்த மக்களுக்கு உண்டு. அதே துறையில் வேறு ஊர்த் தொழிற்சாலைக்குப் போங்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ளே எப்படி ஓடுகிறது, எந்த ஷிஃப்டில் தடுமாறுகிறது என்று கற்றுக்கொண்டு வாருங்கள். தீசிஸில் எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

கே: 8,000 ரூபாய் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்கிறார்கள்.
— எம்.ஃபில். முடித்தவர், ஸ்ரீவைகுண்டம்

ப: கட்டாதீர்கள். உழைப்பவர் பணம் கொடுக்கும் வழக்கம் எந்தப் பட்டறையிலும் இல்லை.

கே: துறைமுகத்தில் கன்டெய்னர் போக்குவரத்து பற்றி ஆய்வு. ராத்திரி ஷிஃப்டும் வரவேண்டும் என்கிறார்கள். அப்பா ஒரேயடியாக மறுக்கிறார்.
— மேலாண்மை மாணவி, புதுக்கோட்டை (தூத்துக்குடி)

ப: அப்பாவுடைய பயம் நியாயம். பயத்தைத் தீர்ப்பது தகவல்தான். எந்த கேட், யார் பொறுப்பு, எந்த வண்டி, எந்த நம்பர் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதன் தலைவி பெயரைச் சேரும் முன்பே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

சொன்னால், ராத்திரிக்குப் போங்கள், இன்னொரு பெண் ஊழியர் இருக்கும் ஷிஃப்டாகப் பார்த்து. கப்பல் விடியும்வரை காத்திருக்காது. இரண்டு மணிக்கு கேட்டில் நிற்கும் டிரெய்லர்களை எண்ணாமல், இறங்கி டீ குடிக்கும் டிரைவரிடம் "எப்போ வந்தீங்க அண்ணே?" என்று கேட்காமல், நீங்கள் போடும் காத்திருப்பு நேரக் கணக்கு பாதிக் கணக்கு. ஒரு நாள் பகலில் அப்பாவையும் கேட் வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கே: வரலாற்றில் பிஎச்.டி. செய்பவனை எந்தக் கம்பெனி எடுக்கும்?
— வரலாற்று மாணவர், காயல்பட்டினம்

ப: சங்குக் கடை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கடலில் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வெள்ளை வளையலாகிறது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கு பற்றி 1914-இல் எழுதிய நூலுக்காகச் சங்கு குளிப்பவரோடு நின்றுவிடவில்லை. டாக்காவின் வளையல் பட்டறை வரை அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். கொற்கையிலும் காயலிலும் மண்ணில் கிடந்த அறுத்த சங்குத் துண்டுகளைப் பார்த்து, இங்கேயே ஒருகாலத்தில் வளையல் பட்டறை இருந்தது என்று சொன்னவரும் அவரே. ரம்பம் போன தடம் எப்படி இருக்கும் என்று தெரிந்த கண்ணுக்குத்தான் குப்பை சாட்சியாகும். ஒரு சங்கு மண்டியில் இரண்டு மாதம் தரம் பிரியுங்கள். பழைய கணக்கு நோட்டுகளைத் தொட அனுமதி கேளுங்கள். கரையில் தோணி முதலாளிகள் வீட்டிலும் ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும் கரையான் அரிக்கும் நோட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார்கள்.

கே: அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். நான் கடலுயிரியலில் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அப்பா போகும் படகில் மூன்று மாதம் போனால், அதை யாராவது இன்டர்ன்ஷிப் என்று மதிப்பார்களா?
— ஆய்வு மாணவர், தூத்துக்குடி

ப: மதிக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது, தம்பி. கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டரில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பார்களுக்கு எல்லாம் பெயர் வைத்தவர்கள் உங்கள் தாத்தாக்கள். தொலாயிரம் பார் என்ற பெயர் விஞ்ஞானிகளின் கட்டுரையில் இருக்கிறதே, அது கடலில் இறங்கியவன் வாயிலிருந்து போனது.

ஆனால் மகனாகப் போகாதீர்கள், ஆய்வாளராகப் போங்கள். ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு முறையாகக் களப்பணி விண்ணப்பம் கொடுங்கள். படகுக்காரரிடமும் கூட வருபவர்களிடமும் என்ன எழுதப் போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி, எத்தனை பாகம் ஆழம், தரை மணலா பாரா, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், எடுத்த சங்கின் அளவு. கூடவே, எத்தனை நிமிஷம் கீழே இருந்தார், மேலே வந்தபின் மூட்டு வலி உண்டா என்றும் எழுதுங்கள். கம்ப்ரெசர் காற்றில் மூழ்குபவர்கள் வேகமாக ஏறி வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். "வாயுப் பிடிப்பு" என்று வீட்டில் தைலம் தேய்ப்பது பலவும் இதுவாக இருக்கலாம். அந்த ஒரு அட்டவணை டாக்டர் கைக்குப் போனால் ஓர் உயிர் பிழைக்கும். நீங்கள் அந்தக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்க வேண்டாம், முறையாக ஸ்கூபா கற்றபின் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரை எழுதும்போது "உள்ளூர் மீனவர் உதவியுடன்" என்று அரை வரியில் முடித்துவிடாதீர்கள். அப்பாவிடமும் படகில் வந்தவர்களிடமும் கேளுங்கள். சம்மதித்தால் அவர்கள் பெயரை முழுதாகப் போடுங்கள்.